ஷெனண்டோவா ஆற்றில் கயாக்கில் போய் ஸ்மால்மவுத் பிடிக்க முடியுமா?

வர்ஜீனியாவின் ஆஷ்பர்னுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்காலில் விராலும் கெண்டையும் பிடித்த பழக்கம் உண்டு, ஷெனண்டோவாவில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய் ஸ்மால்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்க ஆசை, நீச்சல் சுமார்தான், எந்தக் கயாக் வாங்கலாம், எந்த இரை போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கயாக்கும் இரையும் கடையில் கிடைத்துவிடும். ஓடுகிற தண்ணீரில் இறங்க எனக்குத் தகுதி இருக்கிறதா, இறங்கினால் மீன் நிற்கும் இடம் எப்படித் தெரியும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 14 கோடைகளாக இந்த ஆற்றின் தென்கிளையில், அதிகமும் லூரே, ஃப்ரண்ட் ராயல் என்ற ஊர்களுக்கு நடுவில், கயாக்கில் மீன் பிடிக்கிறேன். மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் நான் படகில் ஏறுவதில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். பூச்சி போன்ற செயற்கை இரை கட்டிய ஃப்ளை தூண்டில் வீசத் தெரியாது. ஆற்றோட்டத்தின் கடுமைக்குத் தரம் போடுவார்கள்; அதில் இரண்டாம் தரத்தைத் தாண்டிய, நுரைத்து ஓடும் வெள்ளைநீரில் நான் போனதில்லை. கீழே எழுதுவதெல்லாம் இந்த எல்லைக்குள்தான்.

ஷெனண்டோவாவின் தென்கிளை போர்ட் ரிபப்ளிக் என்ற ஊரில் தொடங்கி, கிழக்கே ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடருக்கும் மேற்கே மசனட்டன் மலைக்கும் இடையில் சுமார் 100 மைல் வடக்கு நோக்கி வளைந்து வளைந்து ஓடி, ஃப்ரண்ட் ராயலில் வடகிளையோடு சேர்கிறது. பிறகு ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பொட்டோமாக் ஆற்றில் கலக்கிறது. அடியில் சாய்ந்து கிடக்கும் பாறை அடுக்குகள் ஆற்றின் குறுக்கே படிப்படியாக எழுந்து நிற்கும். ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் ஒரு பள்ளம். தண்ணீர் அந்தப் படிகளில் சலசலத்து இறங்கி, மடுவில் அடங்கி, மறுபடி சலசலக்கும். ஸ்மால்மவுத் வாழ்வதற்கென்றே அமைந்தது போன்ற ஆறு.

ஆனால் அந்த மீன் இந்த ஆற்றுக்கு வந்தேறி. அதன் சொந்த ஊர் பெரும் ஏரிகளும் ஒஹாயோ, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளும். பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்பாதை அப்பலாச்சிய மலைகளைக் கடந்து வீலிங் நகரை எட்டிய கொஞ்ச நாளில், 1854இல், அங்கிருந்து சில மீன்களை நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக் கொண்டுவந்து மேரிலாந்தின் கம்பர்லண்டில் கால்வாயில் இறக்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மீன் இந்தப் பக்கத்துப் பொட்டோமாக்குக்கு வந்தது அப்படித்தான். இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும்: பொட்டோமாக்கின் கீழ்ப்பகுதியில் நம் விராலின் உறவுக்கார மீன் ஒன்றும் இருக்கிறது. ஸ்நேக்ஹெட் என்பார்கள். அதுவும் வந்தேறிதான்.

சரி, மீன் எங்கே நிற்கும்? வாய்க்காலில் விரால் பிடித்தவர் என்பதால் கரை, வேர், தாமரை இலை மறைவு என்று உங்கள் கண் தேடும். இங்கே மறைவைவிட ஓட்டத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஆற்று மீனுக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. வேகமான தண்ணீர்தான் சாப்பாட்டைக் கொண்டுவருகிறது, ஆனால் அந்த வேகத்திலேயே நாள் முழுவதும் நீந்தினால் தின்றதெல்லாம் நீந்தியே கரைந்துவிடும். அதனால் வேகநீருக்குப் பக்கத்தில், ஆனால் அதற்கு வெளியே, ஒரு பாறை மறைவில் நின்றுகொண்டு, ஓட்டத்தில் ஏதாவது வந்தால் ஒரு பாய்ச்சல் பாய்ந்து எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். ஒரு பெரிய பாறை ஆற்றில் நின்றால் அதன் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் தேங்கி, சில இடங்களில் மெல்ல மேல்நோக்கியே திரும்பி ஓடும். அதை எதிர்நீர் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் நீரும் எதிர்நீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் மேல் ஒரு கோடு தெரியும். சிறு சுழிகள், நுரைக் குமிழிகள், மிதந்துவரும் இலைகள் எல்லாம் அந்தக் கோட்டில் வரிசை கட்டும். ஸ்மால்மவுத் அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் நிற்கும். கோடையில் நான் பிடித்த மீன்களில் பெரும்பங்கு இந்தக் கோட்டிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் கிடைத்தவை.

உங்கள் கயாக் ஆற்றில் நிற்கக்கூடிய இடமும் அதே எதிர்நீர்தான். ஏரியில் கயாக்கை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வீசலாம். ஆற்றில் ஒரு கையில் தூண்டில் இருந்தால் துடுப்பு மடியில் கிடக்கிறது, அந்த நேரத்தில் படகு யார் பேச்சையும் கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது. மீன் மாட்டிய பிறகு நிலைமை இன்னும் மோசம். எதிர்நீருக்குள் நுழைந்து நிற்கக் கற்றவர், மீனும் தானும் ஒரே இடத்தைத் தேடுகிறோம் என்பதைச் சீக்கிரம் கண்டுகொள்வார். அங்கே படகு சும்மா நிற்கும், இரண்டு கையும் காலியாக இருக்கும், பக்கத்துக் கோட்டில் நிதானமாக வீசலாம். நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் என்று சொன்னது இதைத்தான்.

நுழைவது இப்படி. பாறையைத் தாண்டியவுடன், அதன் முதுகை ஒட்டி, கொஞ்சம் வேகமாகவே துடுப்புப் போட்டு, அந்தக் கோட்டைச் சாய்வாக வெட்டுங்கள். படகின் மூக்கு எதிர்நீருக்குள் போய் நின்றுவிடும், வால் இன்னும் ஓட்டத்தில் இருக்கும். ஆறு வாலை இழுத்துப் படகையே திருப்பிவிடும், நீங்கள் மேல்நோக்கிப் பார்த்தபடி நிற்பீர்கள். திரும்பும்போது சைக்கிளில் வளைவது போலத் திரும்பும் பக்கமே சாயவேண்டும். தயங்கி மெதுவாகப் போனால் கோட்டின் மேலேயே மாட்டிக்கொண்டு கீழே அடித்துச் செல்லப்படுவீர்கள். இதை நூறு தடவை செய்யவேண்டும். செய்தால் வந்துவிடும்.

பாறை மேல் பக்கவாட்டாக மோதப்போகிறீர்கள் என்றால் உடம்பு தானாகப் பாறையை விட்டு விலகிச் சாயும். அதுதான் தப்பு. விலகிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் படகின் விளிம்பைப் பிடித்து அமுக்கிக் கவிழ்த்துவிடும். பாறையை நோக்கிச் சாய்ந்து, கையால் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது மூன்றாவது கோடையில் நடந்தது. ஃபாஸ்டர்ஸ் இறங்குதுறைக்கும் பென்டன்வில்லுக்கும் நடுவில் ஒரு பாறைப் படியில், மாட்டிய மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது படகு குறுக்கே திரும்பியது. பாறையைப் பார்த்துப் பயந்து மறுபக்கம் சாய்ந்தேன். ஒரு நொடியில் கவிழ்ந்துவிட்டது. தண்ணீர் தொடை அளவுதான், எழுந்து நிற்கலாம் என்று காலை ஊன்றினேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில் கால் போய்விட்டது, முதுகில் ஆறு தள்ளுகிறது. எப்படியோ கால் உருவி வந்தது. தூண்டில் இரண்டும் போயின. அன்றைக்கு நான் தப்பியது லைஃப் ஜாக்கெட்டாலும் அதிர்ஷ்டத்தாலும்தான். என் திறமைக்கு அதில் பங்கில்லை.

அதனால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வேகநீரில் விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. மல்லாந்து, கால்களைக் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதங்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு மிதந்து போங்கள். ஓட்டம் அடங்கிய இடத்தில், தரை தொடும் அளவு ஆழம் குறைந்த பிறகுதான் எழவேண்டும். கரையிலிருந்து சாய்ந்து தண்ணீருக்குள் கிடக்கும் மரங்கள் இன்னும் ஆபத்து. கிளைகள் சல்லடை போலத் தண்ணீரை விடும், ஆளை விடாது. மரத்தடியில் மீன் இருக்கத்தான் செய்யும், ஆனால் அந்த மரத்தை நோக்கி ஓட்டம் போகிறதென்றால் அந்த மீனை விட்டுவிடுங்கள். இந்தத் தென்கிளையில் ஷெனண்டோவா, நியூபோர்ட், லூரே, வாரன் என்று அணைகளும் உண்டு. மேலிருந்து பார்த்தால் ஆறு அப்படியே தட்டையாகப் போவதாகத்தான் தெரியும். தாழ்ந்த அணையின் அடியில் தண்ணீர் உருண்டு உருண்டு திரும்பும், உள்ளே போன ஆளையும் படகையும் வெளியே விடாது. வரைபடத்தில் அணைகளைக் குறித்துக்கொண்டு, அறிவிப்புப் பலகையைக் கண்டதும் கரையேறிப் படகைச் சுமந்து கடந்துவிடுங்கள்.

நங்கூரம் வேண்டாம். ஏரிக்காரர்கள் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அது. ஓட்டத்தில் நங்கூரம் பாறையில் மாட்டி, கயிறு பக்கவாட்டில் இழுத்தால், படகு கவிழ்ந்து நீங்களும் கயிறும் ஒன்றாகச் சிக்குவீர்கள். சிலர் வால்பக்கம் சங்கிலியை இழுத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பார்கள், சட்டென்று கழற்றும் கொக்கி வைத்திருப்பார்கள். அனுபவசாலிகள் அதைப் பத்திரமாகவே செய்கிறார்கள், ஆனாலும் முதல் இரண்டு கோடைக்கு உங்களுக்கு அது தேவையில்லை. எதிர்நீர் இருக்கிறது, இல்லாவிட்டால் சரளைத் திட்டில் படகை ஏற்றிவிட்டு இறங்கி நின்று வீசலாம். தொங்கும் கயிறு எதுவும் படகில் இருக்கவேண்டாம். கை எட்டும் இடத்தில், ஜாக்கெட்டிலேயே, ஒரு சிறு கத்தி இருக்கட்டும்.

நீச்சல் சுமார் என்றீர்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, இறுக்கிக் கட்டி, கழற்றாமல் இருந்தால் இங்கே சொன்ன பகுதிகளில் அது தடையில்லை என்பது என் கருத்து. ஆளுக்கொரு ஜாக்கெட் படகில் இருந்தால் போதும் என்பது சட்டம். உடம்பில் இருக்கவேண்டும் என்பது ஆற்றின் சட்டம். தனியாகப் போகலாமா என்றால், முதல் வருடம் போகவேண்டாம்.

போகும் நாளை முடிவு செய்வது வானிலையைவிட நீர்மட்டம்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை லூரேவிலும் ஃப்ரண்ட் ராயலிலும் இந்த ஆற்றை அளந்து இணையத்தில் வரைபடமாகக் காட்டுகிறது. அந்தந்தத் தேதிக்குப் பல ஆண்டுகளின் நடுமதிப்பு எவ்வளவு என்பதையும் அதே படத்தில் பார்க்கலாம். நடுமதிப்பை ஒட்டியோ கொஞ்சம் கீழேயோ இருந்தால் புதியவருக்கு நல்ல நாள். கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால், அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகவேண்டாம். மேலே பெய்த மழை பல மணி நேரம் கழித்துத்தான் உங்களிடம் வரும், உங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தேநீர் நிறத்தில் கலங்கி, கட்டைகள் மிதந்து வந்தால் திரும்பிவிடுங்கள்.

தண்ணீரின் குளிர்ச்சியையும் பார்க்கவேண்டும். காற்றின் வெப்பமும் நீரின் வெப்பமும் கூட்டி 120 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் போகலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை. ஏப்ரலில் வெயில் 75 டிகிரி அடிக்கும், தண்ணீர் 50 டிகிரியில் இருக்கும், கூட்டினால் 125 வந்துவிடுகிறது. நீங்கள் விழப்போவது காற்றில் இல்லையே. நீர் 60 டிகிரிக்கு, அதாவது 15 செல்சியஸுக்குக் கீழே இருந்தால், விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடு இழந்து திணறும். அதனால்தான் மே நடுவுக்கு முன் நான் இறங்குவதில்லை.

கயாக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே உட்காரும் வகை, பத்திலிருந்து பன்னிரண்டு அடி, தண்ணீர் தானே வடியும் துளைகள் உள்ள, கெட்டி பிளாஸ்டிக் படகு போதும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம், பாறையில் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். மிதிக்கட்டை வைத்த விலை உயர்ந்த படகுகள் ஏரிக்கு நல்லவை. இங்கே கோடையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் அந்த இயந்திரம் பாறையில் இடிபடும். நீங்கள் தனியாகத் தூக்கமுடியாத படகை வாங்காதீர்கள், நாள் முடிவில் கரையேற்றும்போது தெரியும். பழைய படகு வாங்கினால் போதும். மிச்சப் பணத்தில் நல்ல ஜாக்கெட்டும் லேசான துடுப்பும் வாங்குங்கள்.

இரைக்கு வருவோம். இந்த மீனின் முதன்மைச் சாப்பாடு கிரேஃபிஷ், சிங்கி இறாலைச் சுருக்கி வைத்தது போன்ற ஆற்று உயிர். கூடவே சிறு மீன்களும், கல்லுக்கடியில் வாழும் ஹெல்கிராமைட் என்ற பூச்சிப்புழுவும். கல்லைப் புரட்டிப் பாருங்கள், இரண்டையும் காண்பீர்கள். அதனால் அடியில் உருளும், பச்சையும் பழுப்பும் கலந்த, மூன்று நான்கு அங்குல மெத்தென்ற ரப்பர் இரை ஒன்று போதும். டியூப் என்று கடையில் கேளுங்கள், எட்டில் ஒரு அவுன்ஸ் ஈயத்தலையோடு. எடையே இல்லாமல் மெதுவாக மூழ்கும் ரப்பர்ப் புழு ஒன்று. விடியற்காலைக்கு நீர்ப்பரப்பில் பொளக் பொளக்கென்று சத்தம் போடும் பாப்பர் ஒன்று. ஆறரை ஏழு அடித் தூண்டில் கழி, நடுத்தர வலு, எட்டு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு. இதற்கு மேல் எதுவும் வேண்டாம், எப்படியும் பாதி இரையைப் பாறை வாங்கிக்கொள்ளும்.

வீசும் விதத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மிதந்துகொண்டே மேல்நோக்கி வீசினால், நீங்கள் கீழே போக இரை பின்னால் தரையில் இழுபட்டு மாட்டும். கீழ்நோக்கி வீசினால் படகு இரையைத் துரத்திக்கொண்டு போகும், நரம்பு தொய்ந்து, மீன் தொட்டது கைக்குத் தெரியாது. எதிர்நீரில் நின்று, கோட்டுக்கு அப்பால், சற்று மேல்பக்கமாக வீசுங்கள். இரை ஓட்டத்தோடு உருண்டுவரட்டும். நரம்பில் தொய்வு விழாத அளவுக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருங்கள். கோட்டைக் கடக்கும் நேரத்தில் நரம்பு நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ கழியைத் தூக்குங்கள். விரால் போல அடித்து இழுக்கும் என்று காத்திருக்காதீர்கள். அடியில் தின்னும் ஸ்மால்மவுத் பல சமயம் மெல்ல எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும், உறுத்தினால் துப்பிவிடும். மாட்டிய பிறகு ஓட்டத்துக்குள் ஓடி, தண்ணீரை விட்டு மேலே பாயும். அந்த முதல் பாய்ச்சலை மறக்கமாட்டீர்கள்.

நிறம், நிலவு, காற்றழுத்தம் என்று நிறையப் பேசுவார்கள். ஓட்டமும், வெப்பமும், தண்ணீரின் தெளிவும் மீனின் இடத்தை மாற்றுகின்றன என்பது உறுதி. கலங்கலில் கரையை ஒட்டியும், தெளிந்த நண்பகலில் ஆழத்திலும் நிழலிலும் இருக்கும். நிறம் கலங்கலில் கொஞ்சம் உதவுகிறது என்பது என் அனுபவம், அனுபவத்துக்கு மேல் ஆதாரம் என்னிடம் இல்லை. நிலவைக் குறித்துப் பல வருடம் குறிப்பெழுதிப் பார்த்தேன், எனக்கு எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

இந்த மீனுக்காகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். நீர் 60 டிகிரியை ஒட்டும் வசந்தத்தில், சரளையில் தட்டுப் போலக் குழி பறித்து ஆண் மீன் முட்டைகளைக் காவல் காக்கும். விரால் தன் செங்குஞ்சுகளைக் கூட்டமாகக் காப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே அக்கறை. காவல் மீனைப் பிடித்து இழுத்தால் அந்த இடைவெளியில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும். குழியில் நிற்கும் மீனை விட்டுவிடுங்கள். இவை மெதுவாக வளர்பவை. பெரிய மீன் பிடித்ததற்கு இந்த மாநிலம் ஸ்மால்மவுத்தில் சான்றிதழ் தரும் அளவு 20 அங்குலம் அல்லது 5 பவுண்டு, அந்த நீளத்தை எட்ட ஒரு மீனுக்குப் பத்து வருடம் போல ஆகும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றுங்கள், ஆகஸ்ட் வெயிலில் படம் எடுக்க நேரம் போக்காதீர்கள்.

2004, 2005 வசந்தங்களில் இந்த ஆற்றின் இரு கிளைகளிலும் வளர்ந்த ஸ்மால்மவுத்கள் உடம்பெல்லாம் புண்ணோடு பெருமளவில் செத்து மிதந்தன. பாக்டீரியா, ஒட்டுண்ணி, பண்ணைக் கழிவு, ஹார்மோன் போல வேலை செய்யும் ரசாயனங்கள் என்று பலவற்றை ஆராய்ந்தார்கள். ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. பல அழுத்தங்கள் சேர்ந்து வசந்தத்தில் மீனின் எதிர்ப்புச் சக்தியை உடைத்தன என்பதுதான் ஆய்வாளர்களில் பலரின் எண்ணம். பின்னர் ஆறு நன்றாகவே தேறியிருக்கிறது, ஆனால் புண்ணுள்ள மீனைக் கண்டால் படமெடுத்து மாநில வனவிலங்குத் துறைக்கு அனுப்புங்கள்.

குழம்பு வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். மேலே வேன்ஸ்போரோவில் ஒரு செயற்கை இழைத் தொழிற்சாலை 1929இலிருந்து 1950 வரை பயன்படுத்திய பாதரசம் ஆற்றில் கலந்து, இன்னும் வண்டலிலும் மீனிலும் இருக்கிறது. மாநிலச் சுகாதாரத் துறை இந்தக் கிளையின் மீன்களுக்கு உண்ணும் வரம்பு விதித்திருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் அறவே தவிர்க்கச் சொல்கிறது. பாதரசம் சமைத்தால் போகாது.

முதல் பயணத்துக்கு என் யோசனை இது. பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு நன்னீர் மீன்பிடி உரிமம் கட்டாயம், அதை வனவிலங்குத் துறையின் தளத்தில் வாங்கிவிடுங்கள். மீன் அளவு விதிகள் ஆற்றுப் பகுதிக்குப் பகுதி மாறும், அதையும் அங்கேயே பாருங்கள். ஜூன் கடைசியில், நீர்மட்டக் கோடு தட்டையாக இருக்கும் ஒரு சனிக்கிழமை, ஓட்டத்தில் பழகிய ஒருவரோடு, ஒரு காரைக் கீழே காரோ இறங்குதுறையில் விட்டுவிட்டு, மற்றொன்றில் பென்டன்வில் தாழ்பாலத்துக்குப் போய் விடியும்போது இறங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் தூண்டில் கழிகளைக் கட்டியே வைத்திருங்கள். கண்ணில் படும் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் நுழைந்து, நின்று, வெளியேறிப் பழகுங்கள். எந்த எதிர்நீரில் படகு துடுப்பே போடாமல் அசையாது நிற்கிறதோ, அங்கே கழியை அவிழ்த்து முதல் வீச்சை வீசுங்கள்.